கொழுந்தனார் கொடுத்து வைத்த பையில் திருட்டு நகை: வைத்திருந்தவருக்கும் தண்டனை உண்டா?

கேள்வி: என் கணவரின் தம்பி மூன்று வாரத்துக்கு முன் ஒரு பையைக் கொடுத்து, "அண்ணி, பீரோவுல இருக்கட்டும், அப்புறம் வாங்கிக்கிறேன்" என்றார். போன வாரம் ஒரு நகைத் திருட்டு வழக்கில் போலீஸ் அவரைப் பிடித்தது. பையைத் திறந்து பார்த்தால் ஒரு தாலிக்கொடி, இரண்டு வளையல், ஒரு செல்போன். "பேசாம கிணத்துல போட்டுடு" என்கிறார் மாமியார். நான் எதையும் திருடவில்லை. எனக்கும் தண்டனை வருமா? (வாசகி, ஈரோடு மாவட்டம்)

பதில்: தயவுசெய்து கிணற்றில் போடாதீர்கள். உங்கள் மாமியார் பயத்தில் சொல்கிறார். ஆனால் இதுவரை பெரிய தவறு எதுவும் செய்யாத உங்களைக் குற்றவாளி ஆக்கிவிடக்கூடிய காரியம் அதுதான். திருட்டுப் பொருளை மறைக்க உதவுவது தனிக் குற்றம், தடயத்தை அழிப்பது இன்னொரு குற்றம். கொழுந்தனாரின் நண்பர் யாராவது வந்து கேட்டாலும் பையைக் கொடுத்துவிட வேண்டாம். அடகு வைப்பதைப் பற்றி யோசிக்கவே கூடாது. அந்தச் செல்போனை ஆன் செய்தும் பார்க்காதீர்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-வது பிரிவு இதைப் பற்றியது. பழைய இ.பி.கோ.வில் இது 411. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ, அதை நேர்மையற்ற எண்ணத்தோடு வாங்கினாலும் வைத்திருந்தாலும் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ஜாமீன் நீதிமன்றத்தில்தான் கேட்க வேண்டும். ஐந்து பேருக்குக் குறையாமல் சேர்ந்து அடித்த கூட்டுக்கொள்ளையின் பொருள் என்று தெரிந்தே வைத்திருந்தால், தண்டனை ஆயுள் வரை போகும்.

இதில் "வாங்கினாலும்", "வைத்திருந்தாலும்" என்று இரண்டு கட்டம் இருப்பதைக் கவனியுங்கள். வாங்கியபோது உங்களுக்கு எதுவும் தெரியாது. அண்ணி என்ற உரிமையில் கொடுத்தார், வாங்கி வைத்தீர்கள். அதில் குற்றம் இல்லை. பையைத் திறந்து பார்த்த நிமிடத்திலிருந்துதான் இரண்டாவது கட்டம் ஆரம்பிக்கிறது. "எனக்கு இதில் பத்து பைசா லாபம் இல்லையே" என்று நீங்கள் கேட்கலாம். லாபம் உங்களுக்கு வர வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. கொழுந்தனாருக்கு அந்த நகை தங்கட்டும் என்றோ, உரியவர் கைக்குப் போக வேண்டாம் என்றோ நினைத்து வைத்திருந்தாலே அது நேர்மையற்ற எண்ணம்தான்.

"எனக்குத் தெரியாது" என்று சொன்னால் மட்டும் போதுமா? அந்தத் தாலிக்கொடியை நினைத்துப் பாருங்கள். கொக்கி நெளிந்து, கண்ணி அறுந்து இருந்தால், கழுத்திலிருந்து பறித்தது என்று யாருக்கும் தோன்றும். கொடுத்தவரைப் போலீஸ் பிடித்தும்விட்டது. நம்பக் காரணம் என்று சட்டம் சொல்வது இதைப் போன்ற சூழ்நிலையைத்தான். அதோடு, திருட்டு நடந்த கொஞ்ச நாளிலேயே பொருள் ஒருவரிடம் இருந்து, அது எப்படி வந்தது என்று அவரால் விளக்க முடியவில்லை என்றால், அவரே திருடினார் அல்லது தெரிந்தே வாங்கினார் என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம். புதிய சாட்சியச் சட்டத்தின் 119-வது பிரிவு அதற்கு இடம் தருகிறது. இருந்தாலும் பொருள் கையில் இருந்தது என்பதற்காக மட்டும் தண்டனை கொடுத்துவிட முடியாது. திருட்டுப் பொருள் என்ற அறிவு இருந்ததை அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும் என்று, 2022-இல் மத்தியப் பிரதேச வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் சொல்லி, தண்டனை பெற்றவரை விடுவித்தது.

உங்களிடம் நல்ல விளக்கம் இருக்கிறது. அதைச் சீக்கிரம் சொல்வதில்தான் அதன் பலம். போலீஸ் வீட்டைச் சோதனை போட்டுப் பையை எடுப்பதும், நீங்களே கொண்டு போய் ஒப்படைப்பதும் நீதிமன்றத்தின் பார்வையில் ஒன்றல்ல.

முதலில் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். தேவைப்பட்டால் அவர் முன்ஜாமீனுக்கு மனு போடுவார். பிறகு அவரோடு ஸ்டேஷனுக்குப் போய், பை எப்போது, யார் மூலம் வந்தது, எப்போது திறந்தீர்கள் என்று எழுதிக் கொடுத்து ஒப்படையுங்கள். மனுவுக்கு ரசீது கேளுங்கள். பறிமுதல் மகஜரில் (கைப்பற்றிய பொருள்களைப் போலீஸ் எழுதும் பட்டியலில்) கையெழுத்துப் போடும் முன் ஒவ்வொரு பொருளும் அதில் இருக்கிறதா, எடை சரியா என்று படித்துப் பாருங்கள். பறிமுதலை வீடியோ எடுக்க வேண்டும் என்றும் இப்போது சட்டத்தில் இருக்கிறது. நாளைக்கு "இன்னொரு செயின் எங்கே?" என்று யாரும் கேட்காமல் இருக்க இதெல்லாம் உதவும்.

உங்களையும் வழக்கில் சேர்க்க மாட்டார்கள் என்று நான் உறுதி சொல்ல முடியாது. ஆனால் ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் யோசிக்காமல் கைது செய்யக் கூடாது என்று 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறது. பொதுவாக முதலில் நோட்டீஸ்தான் வரும், அதற்குத் தவறாமல் ஆஜராகுங்கள். சாட்சியாக விசாரிப்பதென்றால், பெண் என்பதால் உங்களை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. அவர்கள்தான் வீட்டுக்கு வர வேண்டும். போலீஸிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலம் உங்களுக்கு எதிரான சாட்சியமாகாது. அதற்காகப் பொய் சொல்ல வேண்டியதில்லை, உள்ளதைச் சொல்லுங்கள்.

கணவரிடம் இன்றே பேசுங்கள். "தம்பியைக் காட்டிக் கொடுப்பதா?" என்று வீட்டில் சங்கடம் வரும், எனக்குப் புரிகிறது. ஆனால் அவர் ஏற்கெனவே போலீஸ் கையில் இருக்கிறார். பை எங்கே என்று அவர் வாயாலேயே சொல்லிவிட்டால், அதை வைத்து உங்கள் பீரோவைத் திறப்பார்கள். அதற்கு முன் நீங்கள் போக வேண்டும். வழக்கறிஞருக்குப் பணம் இல்லை என்றால் இலவச சட்ட உதவி எண்ணான 15100-க்கு அழையுங்கள். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வழக்கறிஞர் தருவார்கள்.