குழந்தையின் கை நரம்பு: ஏன் மூன்று மாதம் பார்க்கச் சொல்கிறார்கள்?

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: "மகனுக்கு 7 வாரம். பிரசவத்தில் தோள் மாட்டிக்கொண்டது. வலது கை விரல்கள் அசைகின்றன. ஆனால் கையைத் தூக்குவதில்லை, முழங்கையை மடக்குவதில்லை. ஈப்போவில் டாக்டர் 3 மாதம் வரை பார்ப்போம் என்கிறார். மாமியார் எண்ணெய் போட்டு உருவச் சொல்கிறார். பச்சைக் குழந்தையின் நரம்பு சீக்கிரம் வளராதா?"

சீக்கிரம் வளரும் என்பது பாதிதான் உண்மை, சகோதரி. முழங்கையை மடக்கும் தசைக்குப் போகும் நரம்பு செல் கழுத்துத் தண்டுவடத்தில் இருக்கிறது. பிரசவத்தில் இழுபட்டது அதன் நீண்ட வால். வெறும் இழுவை என்றால் சில வாரங்களில் தானே சரியாகிவிடும். அந்த வால், அதாவது நரம்பு இழை, உள்ளே அறுந்திருந்தால் அங்கிருந்து மறுபடி வளர்ந்து வர வேண்டும். வேகம் நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர். தசை 8, 9 சென்டிமீட்டர் தள்ளி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். டாக்டர் சொன்ன மூன்று மாதம் வந்துவிடும்.

இவ்வளவு மெதுவாக வளர்வது ஏன்? இழைக்குச் சட்டமாக நிற்பவை டியூபுலின், ஆக்டின், நியூரோஃபிலமென்ட் என்ற புரதங்கள். இவை பெரும்பாலும் கழுத்தில் இருக்கும் செல்லில் தயாராகி, வால் நெடுக ஊர்ந்துதான் போகும். இழை அறுந்தது தெரிந்ததும் செல் தன் உற்பத்தியையே மாற்றிவிடுகிறது. இழைக்குப் பருமன் தரும் நியூரோஃபிலமென்ட் குறைகிறது. நுனியை நீட்ட உதவும் டியூபுலினும் ஆக்டினும் கூடுகின்றன. முதலில் ரோடு போய்ச் சேரட்டும், அகலப்படுத்துவதை அப்புறம் பார்க்கலாம் என்கிற கணக்கு. தசையைத் தொட்ட பிறகு நியூரோஃபிலமென்ட் மறுபடி ஏறும், இழை தடிக்கும், செய்தி வேகமாக ஓடும். அதனால் முதல் அசைவு பலவீனமாக இருந்தால் பயப்பட வேண்டாம்.

பச்சைக் குழந்தையின் இளம் நரம்பில் ஒரு சிக்கல் உண்டு. அதில் டியூபுலினும் ஆக்டினும் ஏற்கெனவே தாராளம். கனமான நியூரோஃபிலமென்ட் பிந்தித்தான் நிறையும். வளர்ச்சிக்குத் தயாராக இருப்பது நல்லதுதான். ஆனால் இளம் செல் உயிரோடு இருக்கவே தசையிலிருந்து வரும் ஊட்டக் காரணிகளை (செல்லைப் பிழைக்க வைக்கும் புரதங்களை) நம்பியிருக்கிறது. பிறந்த எலிக்குட்டியின் நரம்பை அறுத்தால் தசையை இயக்கும் நரம்பு செல்கள் நிறைய மடிகின்றன; வளர்ந்த எலியில் பெரும்பாலும் பிழைக்கின்றன. நாற்றங்கால் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல: மரத்துக்கு ஒரு வேர் போனால் தாங்கும், கன்றுக்கு ஆணிவேர் போனால் கன்றே போகும். எலிக்குட்டி மனிதக் குழந்தையைவிட முதிராத நரம்போடு பிறக்கிறது; அதை அப்படியே உங்கள் மகனுக்குப் பொருத்தி மனம் கலங்காதீர்கள். நாள் கடத்தக் கூடாது என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

விரல்கள் அசைவது நல்ல அறிகுறி. 3 மாதத்தில் முழங்கை மடங்குகிறதா என்று பார்ப்பார்கள். மடங்காவிட்டால் அறுவை சிகிச்சை பற்றிப் பேச்சு வரும். அந்தத் தேதியைத் தவறவிடாதீர்கள். அதே பக்கக் கண்ணிமை தொங்கினாலோ, கண்மணி சிறுத்தாலோ, மூச்சு வாங்கினாலோ தேதிக்குக் காத்திருக்காமல் உடனே போங்கள். அதுவரை பிசியோதெரபிஸ்ட் காட்டிய மாதிரி, ஒவ்வொரு முறை டயப்பர் மாற்றும்போதும் தோளையும் முழங்கையையும் மெல்ல அசைத்துவிடுங்கள், மூட்டு இறுகாது. சட்டை போடும்போது பாதித்த கைக்கு முதலில், கழற்றும்போது கடைசியில்.

மாமியாரிடம் எண்ணெய்க் கிண்ணத்தைப் பிடுங்க வேண்டாம். இதமாகத் தடவட்டும். கையை இழுத்து உருவுவதும், அக்குளில் பிடித்துத் தூக்குவதும் மட்டும் கூடாது.