பிக்கப் வண்டியின் டேஷ்போர்டில் பேட்டரி விளக்கு ராத்திரி மட்டும் மங்கலாக எரிகிறது. பேட்டரி மாற்றியாயிற்று, டைனமோவும் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். கோளாறு எங்கே?

"ராத்திரி மட்டும் மங்கலாக" என்று எழுதியிருக்கிறீர்களே, விஷயமே அதில்தான் இருக்கிறது. பேட்டரியையும் டைனமோவையும் இப்போதைக்கு மறந்துவிடுங்கள். (டைனமோ என்று நாம் சொல்வது, இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரைத்தான்.) டைனமோவிலிருந்து பேட்டரிக்கு வருகிற தடித்த வயரைப் பாருங்கள். இதே கோளாறு எனக்கு எட்டு மாதம் தண்ணி காட்டியது.

என்னுடையது 2014 மாடல் டீசல் பிக்கப். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் சாயங்காலம் காய்கறி ஏற்றி, பழனி, உடுமலை, பொள்ளாச்சி வழியாகப் பாலக்காடு போய், விடிவதற்குள் இறக்க வேண்டும். வாரத்தில் ஐந்து நாள் ஒரு தொந்தரவும் இருக்காது. ஆறாவது நாள் லோடு இறக்கிவிட்டுச் சாவியைத் திருப்பினால் செல்ஃப் 'கரக், கரக்' என்று இழுத்துவிட்டுப் படுத்துவிடும். சுமை இறக்கிய சேட்டன்மார்களே நாலு பேர் சேர்ந்து தள்ளி ஸ்டார்ட் செய்து கொடுப்பார்கள். ஊருக்குத் திரும்பிப் பட்டறையில் நிறுத்தினால் வண்டி பூனை மாதிரி இருக்கும்; எதை அளந்தாலும் சரியாகவே காட்டும்.

முதலில் பேட்டரியை மாற்றினேன். மூன்று வாரம் ஓடியது, மறுபடி படுத்தது. அடுத்து டைனமோவைக் கழற்றினார்கள். எலெக்ட்ரீஷியன் அதை மேசையில் வைத்து ஓட்டிப் பார்த்தார், 14.3 வோல்ட். "டைனமோ கல்லு மாதிரி இருக்கு தம்பி, எதுக்கும் கார்பனை மட்டும் மாத்திட்டேன்" என்றார். டைனமோவுக்குள் சுழலும் பாகத்தை உரசிக் கரண்ட் கொடுக்கும் கார்பன் கட்டையைத்தான் சொன்னார். அது ஒரு பத்து நாள் தாங்கியது. அப்புறம் இரண்டாவது பேட்டரி.

நம்மை ஏமாற்றுவதே இந்தப் பத்து நாளும் மூன்று வாரமும்தான். புதுப் பேட்டரி முழு சார்ஜோடு வருகிறது. வண்டி அரைகுறையாக சார்ஜ் ஏற்றினாலும் கொஞ்ச நாள் தன் கையிருப்பை வைத்தே சமாளிக்கும். டைனமோவைக் கழற்றி மாட்டும்போது அதன் பின்னால் இருக்கிற நட்டைத் திருகி, வயரை ஆட்டி, மறுபடி இறுக்குகிறோம். கெட்டுப்போன தொடுப்பு அந்த ஆட்டத்தில் கொஞ்சம் சரியாகிவிடும். பேர் மட்டும் புதுக் கார்பனுக்குப் போய்விடும்.

இனி அந்த மங்கல் விளக்கு. பழைய பாணி பல்பு இருக்கிற டேஷ்போர்டில் பேட்டரி விளக்கின் ஒரு முனை சாவி வழியாகப் பேட்டரிப் பக்கம் போகிறது, மறுமுனை டைனமோவுக்குப் போகிறது. இரண்டு தொட்டியிலும் நீர்மட்டம் ஒன்றாக இருந்தால் நடுக்குழாயில் தண்ணீர் ஓடாது இல்லையா, அதே கதைதான். இரண்டு பக்கமும் 14 வோல்ட் இருந்தால் விளக்கு அணைந்திருக்கும். டைனமோ ஒன்றுமே தராவிட்டால் பளிச்சென்று எரியும். டைனமோவில் 14, பேட்டரியில் 12 என்று ஆகிவிட்டால் அந்த இரண்டு வோல்ட் வித்தியாசத்தில் மினுக்கு மினுக்கென்று எரியும். பகல் வெளிச்சத்தில் அது கண்ணுக்கே தெரியாது. அதனால் மங்கலாக எரிகிறது என்றால் டைனமோ வேலை செய்கிறது, செய்த வேலை பேட்டரிக்கு வந்து சேரவில்லை என்று முதலில் சந்தேகப்படுங்கள். டைனமோவுக்குள் ஏசியை டிசியாக மாற்றும் டையோடு போனாலும் மங்கலாக எரியலாம். ஆனால் அது மேசை மேல் ஓட்டும்போதே பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

சந்தேகம் சரிதானா என்று பார்க்க, கோளாறு இருக்கும் நேரத்தில் அளக்க வேண்டும். பட்டறையில் அளந்து பிரயோஜனம் இல்லை. நான் செய்தது இதுதான்: இரண்டு நீளமான மெல்லிய வயர், ஒன்றை டைனமோவின் பின்னால் தடித்த வயர் மாட்டும் போல்ட்டிலும், இன்னொன்றைப் பேட்டரியின் பாசிட்டிவிலும் மாட்டினேன். இரண்டும் கரண்ட் உள்ள வயர்கள் என்பதால், தொடங்கும் இடத்திலேயே ஆளுக்கொரு சின்ன ஃபியூஸ். கதவு இடுக்கு வழியாக கேபினுக்குள் கொண்டுவந்து மல்டிமீட்டரில் சொருகி, டிசி 20 வோல்ட்டில் வைத்துவிட்டு, கிளீனர் பையன் மடியில் கொடுத்தேன். அவனுக்கு இருந்த வேலையெல்லாம், எண் மாறினால் கத்துவது.

மீட்டர் காட்டுவது, டைனமோவிலிருந்து பேட்டரிக்கு வரும் வழியில் தொலைகிற வோல்ட். கிளம்பும்போது 0.15. நல்ல வண்டியில் லைட்டெல்லாம் போட்ட பிறகும் 0.2, 0.3-ஐத் தாண்டக் கூடாது. பழனி வரை அப்படியே இருந்தது. உடுமலை நெருங்கும்போது 0.6. பொள்ளாச்சிக்குள் நுழையும்போது பையன் "அண்ணே, ஒண்ணு புள்ளி ஒம்போது!" என்றான். குனிந்து பார்த்தால் டேஷ்போர்டில் அந்தச் சிவப்பு மினுக்கல்.

ஓரம் கட்டி, இன்ஜினை நிறுத்தி, பானெட்டைத் தூக்கினேன். டைனமோ முனையில் இருக்கும் ரப்பர் மூடியைப் பின்னுக்கு இழுத்துவிட்டு, வயர் முனையில் நசுக்கிப் பொருத்தியிருக்கும் உலோகக் காதான லக்கைத் தொட்டால் விரலைச் சுட்டுவிட்டது. கணக்கும் ஒத்துப்போகிறது: ஹெட்லைட், மற்ற விளக்குகள், ஃபேன் எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 20 ஆம்ப், அதை 1.9 வோல்ட்டால் பெருக்கினால் 38 வாட். ஒரு சால்டரிங் அயர்னை அந்த இடத்தில் எந்நேரமும் செருகி வைத்த மாதிரி. வெளியே லக் பளபளவென்று இருந்தது. மறுநாள் கத்தியால் இன்சுலேஷனைக் கீறிப் பார்த்தபோது, லக்கைப் பிடித்து நசுக்கிய இடத்தில் செம்புக் கம்பிகள் கருத்து, நடுவே பச்சைப் பொடி. பாதி இழைகள் இழுத்தால் கையோடு வந்தன. சூடு ஏற ஏறத் தொடுப்பு தளரும், தளரத் தளர இன்னும் சூடாகும். ஆறினால் ஒன்றும் தெரியாது. பகலில் லைட் இல்லாததால் அந்த அளவு கரண்ட் ஓடுவதில்லை. வண்டி பட்டறையில் சாதுவாக இருந்ததன் ரகசியம் அவ்வளவுதான்.

உங்கள் வண்டியிலும் இதே இடம்தான் என்று சத்தியம் செய்ய மாட்டேன். அதே வழியில் பேட்டரி அருகில் பெரிய ஃபியூஸ் கட்டை இருக்கும்; அதன் போல்ட்டைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பேறியிருக்கிறதா பாருங்கள். எர்த் பக்கத்தையும் இதே மாதிரி அளக்க வேண்டும்: டைனமோ உடம்புக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே 0.2-க்கு மேல் போனால், இன்ஜினையும் சேசிஸையும் இணைக்கும் எர்த் பட்டையைக் கழற்றித் தேய்த்து மாட்டுங்கள்.

விளக்கு மங்கலாக இல்லாமல், மேடு பள்ளத்தில் மட்டும் பளிச்சென்று எரிந்து அணைந்தால் கார்பன் தேய்ந்திருக்கும். டைனமோ முதுகில் மெதுவாகத் தட்டினால் உயிர் வருகிறதா என்பது பழைய சோதனை, இன்றைக்கும் பொய் சொல்லாது. மழையில் கீச்சென்று சத்தம் வந்தால் பெல்ட். டீசல் பிக்கப்கள் பலவற்றில் பிரேக்குக்கான வேக்குவம் பம்ப் டைனமோவின் முதுகிலேயே இருக்கும்; அதன் ஆயில் சீல் கசிந்தால் கார்பன் எண்ணெயில் குளித்துவிடும். டைனமோ ஈரமாக இருந்தால் சீலை மாற்றாமல் கார்பனை மட்டும் மாற்றுவது வீண். புதிய வண்டிகள் சிலவற்றில் எவ்வளவு சார்ஜ் ஏற்றுவது என்பதை ஈசியூ, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர், முடிவு செய்யும். அவற்றில் 14 வரவில்லை என்று பதற வேண்டாம்.

ஒன்றை மட்டும் யார் சொன்னாலும் செய்யாதீர்கள்: இன்ஜின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றி "டைனமோ தாங்குதா பாரு" என்பது. நிஜ டைனமோ இருந்த காலத்து வித்தை அது. இன்றைய வண்டியில் அந்த நொடி வோல்ட் எகிறி, ரெகுலேட்டரையும் ஈசியூவையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும்.

கடைசியில் எனக்கு ஆன செலவு, ஒரு மீட்டருக்கும் குறைவான வயரும் இரண்டு லக்கும்தான். மாற்றிய பிறகு லைட்டெல்லாம் போட்டு பாலக்காடு வரை 0.12. வீணாகப் போனது என்று நினைத்து முதலில் கழற்றிப் போட்ட பேட்டரி, மச்சானின் டிராக்டரில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.