40 எம்பி ஜிப், ஆபீஸில் மட்டும் 4 கேபியாக இறங்குகிறதா?

உங்களுக்கு வந்தது ஜிப்பே இல்லை; பெரும்பாலும் ப்ராக்ஸி (ஆபீஸ் நெட்டுக்கும் வெளி இணையத்துக்கும் நடுவே நின்று வடிகட்டும் சர்வர்) அனுப்பிய தடுப்புப் பக்கம். பிரவுசர் அதை ஜிப் என்ற பெயரிலேயே சேமித்துவிட்டது. வீட்டில் சரியாக இறங்குகிறதென்றால், காரணம் ஆபீஸ் நெட்டில்தான் இருக்க வேண்டும்; அதனால்தான் சொல்கிறேன்.

ப்ராக்ஸி ஃபைல் பெயரின் வாலை (.zip) மட்டும் பார்ப்பதில்லை. சர்வர் சொல்லும் கன்டென்ட்-டைப்பையும் (இது என்ன வகை ஃபைல் என்ற குறிப்பு) பார்க்கும். சில ப்ராக்ஸிகள் முதல் சில பைட்டுகளையே படித்துவிடும். பெயரை மாற்றிப் பார்த்து நேரத்தை வீணாக்காதீர்கள்.

அந்த 4 கேபி ஃபைலை நோட்பேடில் திறங்கள். அசல் ஜிப் என்றால் பி, கே என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளில் தொடங்கும். எச்டிஎம்எல் (வெப் பக்கத்தின் குறியீடு) தெரிந்தால், எந்த விதி தடுத்தது என்பதும் அதில் இருக்கக்கூடும். அப்படியே அட்மினிடம் காட்டுங்கள்.

ஆனால் லிங்க் எச்டிடிபிஎஸ் (குறியாக்கம் செய்த இணைப்பு) என்றால், குறியாக்கத்தைப் பிரித்துப் பார்க்கும் ப்ராக்ஸியால்தான் இப்படிச் செய்ய முடியும். பிரவுசரில் முகவரிக்கு இடப்பக்கம் உள்ள குறியை அழுத்தி, தளத்தின் சான்றிதழை வழங்கியவர் பெயரைப் பாருங்கள். அங்கே உங்கள் நிறுவனமோ ப்ராக்ஸியோ இல்லையென்றால், அது சர்வரே அனுப்பிய லாகின் பக்கமாக இருக்கலாம்.