கார்டில் 11,000 டாலர் கடன்: மிச்சிகன் சீசன் டிக்கெட்டை விட்டுவிடவா?

கேள்வி: எனக்கு 40 வயது. 2010-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். படிக்க வந்தேன். வந்த முதல் மாதம் ரூம்மேட் ஒருவன் மீதியிருந்த டிக்கெட்டைக் கையில் திணித்து, பல்கலைக்கழக அணியின் அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டத்துக்கு இழுத்துப் போனான். அன்று பிடித்தது, இன்று வரை விடவில்லை. இப்போது மிச்சிகன் மாநிலத்தின் நோவை நகரில் வீடு; வாகனத் துறையில் இன்ஜினியர் வேலை. மனைவி பகுதிநேரமாக வேலை பார்க்கிறாள், மகளுக்கு 9 வயது. 11 வருடங்களாக இரண்டு சீசன் டிக்கெட் வைத்திருக்கிறேன். இருக்கைக்கான நன்கொடையும் சேர்த்து வருடம் 2,600 டாலர். 2024 ஜனவரியில் ரோஸ் போல் அரையிறுதி, அடுத்த வாரமே ஹூஸ்டனில் தேசியப் பட்டத்துக்கான இறுதி ஆட்டம் என்று இரண்டுக்கும் போய்வந்தேன். அந்தக் கார்டு கடன் இன்னும் தீரவில்லை; 22 சதவீத வட்டியில் 11,000 டாலர் நிற்கிறது. மாதம் 300 கட்டுகிறேன். சனிக்கிழமைகளில் போனில் கொஞ்சம் பெட்டிங்கும் உண்டு. இப்போது நல்ல இடத்துக்கு மாறலாம், வருடம் 1,500 கூடுதல் நன்கொடை கொடுத்தால் போதும் என்று அழைப்பு வந்திருக்கிறது. வரியில் கழித்துக்கொள்ளலாம் என்கிறார் நண்பர். “விளையாட்டைப் பார்க்கப் போறீங்களா, வீட்டைப் பார்க்கப் போறீங்களா?” என்று கேட்கிறாள் மனைவி. எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டுமா?

பதில்: வேண்டாம். டிக்கெட்டை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் உங்கள் மனைவி கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு ஒரு பதில் சொல்லிவிட்டுத்தான் இந்த சீசனின் முதல் ஆட்டத்துக்கு நீங்கள் கிளம்ப வேண்டும்.

நானும் ஒரு முறை அந்த மைதானத்தில் உட்கார்ந்திருக்கிறேன். நவம்பர் மாதம். வெளியிலிருந்து பார்த்தால் இவ்வளவு பேரை அது எங்கே கொள்ளும் என்று தோன்றும், அவ்வளவு தாழ்வாகத் தெரிந்தது. வாசலைத் தாண்டிய பிறகுதான் தெரிந்தது, பெரும்பகுதி தரைமட்டத்துக்குக் கீழே பள்ளமாக இறங்குகிறது என்று. 1927-இல் கட்டியது, இன்று 1,07,601 பேர் உட்காரலாம். நாற்காலி கிடையாது, நீளமான அலுமினிய பெஞ்சில் எண் எழுதியிருந்தது. குளிர் ஜீன்ஸைத் தாண்டி ஏறியது. பக்கத்தில் இருந்தவர் தன் போர்வையின் ஒரு முனையை என் முழங்கால் மேல் போட்டார். பெயர்கூடக் கேட்கவில்லை. ஊரும் உறவும் விட்டு வந்த 24 வயதுப் பையனுக்கு இப்படி ஓர் இடம் என்ன தந்திருக்கும் என்பது எனக்குப் புரிகிறது. அதனால்தான், ‘விளையாட்டுத்தானே, விட்டுத் தொலையுங்கள்’ என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

நான் கேட்டதற்கு இணங்க 3 வருடக் கார்டு ஸ்டேட்மென்ட்டுகளை அனுப்பினீர்கள். அவற்றில் மிச்சிகன் சம்பந்தப்பட்ட ஒவ்வொரு வரியையும் தனியாகப் பிரித்துப் பார்த்தேன். டிக்கெட், பார்க்கிங், சாப்பாடு, சட்டை எல்லாம் சேர்ந்து வருடம் சுமார் 4,000 டாலர். உங்கள் இருவர் வருமானத்துக்கு இது தாங்கக்கூடிய செலவு. உங்களைக் கடிப்பது வேறு இரண்டு வரிகள்.

முதல் வரி, வெளியூர்ப் பயணம். ரோஸ் போலும் ஹூஸ்டனும் சேர்ந்து, 8 நாளுக்குள், 10,500 டாலர். அலபாமாவை ஓவர்டைமில் 27-20 என்று வென்ற இரவு, விடுதி அறையில் இருந்தபடியே ஹூஸ்டன் விமானத்தைப் பதிவு செய்திருக்கிறீர்கள். ஸ்டேட்மென்ட்டில் தேதி அப்படியே இருக்கிறது. வாஷிங்டனை 34-13 என்று சாய்த்ததை நேரில் பார்த்தீர்கள். அது வாழ்நாள் முழுக்க நிற்கும் நினைவு, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு பயணம் வழக்கமாகிவிட்டது. 2024 அக்டோபரில் சியாட்டில், 2025 அக்டோபரில் லாஸ் ஏஞ்சல்ஸ். முன்பெல்லாம் மிச்சிகன் ஆடும் பிக் டென் என்ற பல்கலைக்கழகக் கூட்டமைப்பு என்றால் காரிலேயே போய்வரக்கூடிய ஊர்கள்தான் அதிகம். 2024-இல் மேற்குக் கடற்கரைப் பல்கலைக்கழகங்கள் நான்கும் வந்து சேர்ந்து 18 அணிகள் ஆன பிறகு, வெளியூர் ஆட்டத்துக்கு விமானம் ஏற வேண்டியிருக்கிறது. கடந்த வருடம் இந்தக் கணக்கில் உங்களுக்குப் போனது 4,200 டாலர். இரண்டரை வருடமாக மாதம் 300 கட்டியும் கடன் நின்ற இடத்திலேயே நிற்கக் காரணம் இதுதான்: கட்டக் கட்ட, அக்டோபர் தோறும் புதிதாக ஏற்றியிருக்கிறீர்கள். 300 கட்டினால் அதில் 200 வட்டிக்கே போய்விடுகிறது. அசலில் குறைவது 100 கூட இல்லை. இனி ஒரு பைசா ஏற்றாவிட்டாலும் இந்த வேகத்தில் தீர 5 வருடத்துக்கு மேல் ஆகும், வட்டி மட்டும் 7,400 டாலர் தொடும்.

இன்னொன்று. 2024 சீசன் முதல் தேசியப் பட்டத்துக்கான பிளேஆஃப் சுற்று 12 அணிகளாகிவிட்டது. முதல் சுற்று பல்கலைக்கழக வளாகங்களிலேயே நடக்கிறது. அதன் பிறகு காலிறுதி, அரையிறுதி, இறுதி மூன்றும் வேறு வேறு ஊர்களில். அணி நன்றாக ஆடினால் டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரிக்குள் மூன்று பயணங்களுக்கு ஆசை வரும். ஜெயித்த இரவில் எடுக்கிற முடிவில் விலை கண்ணுக்குத் தெரியாது. அந்த முடிவை ஜூலை மாதமே எடுத்து, மனைவிக்கும் காட்டி, எழுதி வையுங்கள். கடன் தீரும் வரை பயணம் இல்லை. தீர்ந்த பிறகு தனியாக ஒரு சேமிப்புக் கணக்கில் மாதம் 100 டாலர் தானாகப் போகட்டும். பிளேஆஃப் வரும் வருடம் அதில் இருப்பதற்குள் எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் போங்கள். வராத வருடம் தொகை வளரும்.

இரண்டாவது வரி, நீங்கள் ‘கொஞ்சம்’ என்று எழுதிய பெட்டிங். செயலியிலிருந்து வருடக் கணக்கை இறக்கி அனுப்பச் சொன்னேன். வந்ததைப் பார்த்தால், ஜெயித்ததைக் கழித்த பிறகு 3,000 டாலர் நஷ்டம். சீசன் டிக்கெட்டை விட அதிகம். 2018-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விளையாட்டுப் பெட்டிங் மீதான தடையை நீக்கியது, 2021 ஜனவரியில் மிச்சிகனில் போனிலேயே கட்டலாம் என்று ஆனது. சட்டப்படி சரியாக இருப்பதாலேயே உங்களுக்கும் சரி என்று ஆகிவிடாது. வரியிலும் இது இரட்டை அடி. ஜெயித்த தொகை முழுக்க வருமானம். நஷ்டத்தைக் கழிக்க வேண்டுமானால் செலவுகளைத் தனித்தனியாகக் காட்டித் தாக்கல் செய்ய வேண்டும், நீங்களோ அப்படிக் காட்டாமல், எல்லோருக்கும் பொதுவான நிலையான கழிவு எடுப்பவர். தனித்தனியாகக் காட்டுபவர்களுக்கும் 2026 முதல் நஷ்டத்தில் 90 சதவீதம்தான் கழியும்.

பணத்தை ஒதுக்கி வைத்துவிட்டும் இதைச் சொல்ல வேண்டும். மிச்சிகன் 20-17 என்று ஜெயிக்கிறது, நீங்கள் 6 புள்ளிக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயிக்கும் என்று பணம் கட்டியிருக்கிறீர்கள். அந்தச் சனிக்கிழமை அணி ஜெயித்தும் நீங்கள் வாடிய முகத்தோடு வீட்டுக்கு வருகிறீர்கள். மகள் “நாமதானே ஜெயிச்சோம் அப்பா?” என்று கேட்டதாக நீங்களே எழுதியிருந்தீர்கள். 16 வருட அன்பை அரித்துத் தின்கிற விஷயம் இது. செயலியை நீக்கினால் மட்டும் போதாது, மறுபடி இறக்கிக்கொள்ள ஒரு நிமிடம் ஆகாது. தன்னைத் தானே விலக்கிக்கொள்ளும் வசதி அந்தச் செயலிகளிலேயே இருக்கிறது. அதை இன்றே போடுங்கள். போட முடியாமல் மனம் தள்ளிப்போட்டால் இது பணப் பிரச்சினையைத் தாண்டிவிட்டது என்று பொருள். அப்போது 1-800-GAMBLER என்ற சூதாட்ட உதவி எண்ணுக்குப் பேசுங்கள், வெட்கப்பட இதில் எதுவும் இல்லை.

இனி கடன். இப்போது கட்டும் 300, பெட்டிங்கில் போய்க்கொண்டிருந்த மாதம் 250, பயணத்தில் போன மாதம் 350. கூட்டினால் 900. இந்த ஆகஸ்ட் முதல் மாதா மாதம் 900 கட்டினால் 14 மாதத்தில், அதாவது அடுத்த வருடம் செப்டம்பரில், கடன் தீர்ந்துவிடும். வட்டி 1,600 டாலருக்குள் முடியும். உங்கள் கிரெடிட் ஸ்கோர் நன்றாக இருப்பதால், வட்டியில்லாக் காலம் தரும் வேறு கார்டுக்குக் கடனை மாற்றிக் கேட்டுப் பாருங்கள். பொதுவாக 3 முதல் 5 சதவீதம் கட்டணம் வாங்குவார்கள். 3 சதவீதம் என்றால் 330 டாலர். காலம் 15 மாதத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். புதிய கார்டில் வேறு எதுவும் வாங்காதீர்கள். 401(கே) ஓய்வுகாலச் சேமிப்புக் கணக்கில் நிறுவனம் ஈடு கொடுக்கும் அளவுக்கு மட்டும் விடாமல் போடுங்கள். அதற்கு மேல் போடுவதைக் கடன் தீரும் வரை நிறுத்தலாம். தீர்ந்த மறு மாதமே அந்த 900-ஐ அவசரக் கையிருப்புக்குத் திருப்புங்கள். வங்கியில் 6,000 டாலர்தான் இருக்கிறது; வாகனத் துறை வேலைக்கு அது போதவே போதாது. ஆறு மாதச் செலவு கையில் சேரும் வரை விடாதீர்கள்.

அடுத்து, நல்ல இடத்துக்கு மாறும் அழைப்பு. நண்பர் சொன்னது பழைய சட்டம். இருக்கை வாங்கும் உரிமைக்காகக் கல்லூரிக்குக் கொடுக்கும் நன்கொடையில் 80 சதவீதத்தை ஒரு காலத்தில் கழிக்க முடிந்தது. 2017 வரிச் சட்டம் அதை எடுத்துவிட்டது; 2018 முதல் ஒரு டாலர்கூடக் கழியாது. வீரர்களுக்குப் பணம் தரும் ரசிகர் குழுக்களுக்குக் கொடுத்தால் கழியும் என்று யாராவது சொன்னாலும் நம்பிவிடாதீர்கள். அப்படிப்பட்ட குழுக்கள் பலவும் தர்ம அமைப்பு என்ற தகுதிக்குள் வராது என்பது அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ் 2023 ஜூனில் வெளியிட்ட குறிப்பின் கருத்து. கழித்தே ஆக வேண்டுமானால், பதிலுக்கு எந்த இருக்கையும் வாங்காமல் பல்கலைக்கழக உதவித்தொகை நிதிக்குக் கொடுங்கள். 2026 முதல் நிலையான கழிவு எடுப்பவர்களும், தம்பதியாகத் தாக்கல் செய்தால், ரொக்க நன்கொடையில் 2,000 டாலர் வரை கழிக்கலாம். அதுவும் கடன் தீர்ந்த பிறகு.

ஆனால் மாற வேண்டாம் என்று நான் சொல்வதற்கு வரி பெரிய காரணம் இல்லை. உங்கள் கடிதத்தின் பின்பகுதியில் வரும், நீங்கள் உட்காரும் அந்தப் பெஞ்சு வரிசைதான் காரணம். முன் பெஞ்சில் உட்காரும் முதியவர் ஒவ்வொரு நவம்பரும் உங்கள் மகளுக்கென்று தனியாகக் கை சூடேற்றும் பாக்கெட் கொண்டுவருகிறார். உங்கள் அப்பா இறந்து நீங்கள் தஞ்சாவூர் போயிருந்தபோது, இரண்டு ஆட்டங்களாக ஆளைக் காணவில்லையே என்று போன் செய்தது பக்கத்து இருக்கைத் தம்பதி. வருடம் 1,500 டாலர் கூடுதலாகக் கொடுத்து, மைதானத்தின் நடுவில் ஐம்பது கெஜக் கோட்டுக்கு அருகே, இவர்கள் யாரும் இல்லாத இடத்துக்குப் போகப் போகிறீர்களா? 11 வருடமாக நீங்கள் கட்டிய பணத்தில் வாங்கியது அந்த வரிசையையும்தான். அங்கேயே இருங்கள்.

அந்த 1,500-ஐ, கார்டும் கையிருப்பும் ஒழுங்கான பிறகு, மகளின் 529 கல்விக் கணக்கில் மாதம் 125 என்று போடுங்கள். மிச்சிகன் மாநிலத் திட்டத்தில் போட்டால் தம்பதிக்கு வருடம் 10,000 டாலர் வரை மாநில வருமான வரியில் கழியும். வரி விகிதம் 4.25 சதவீதம் என்பதால் 1,500-க்கு 64 டாலர் மிச்சம். 9 வருடம் தொடர்ந்தால், ஆண்டுக்கு 6 சதவீத வளர்ச்சி என்று வைத்துக்கொண்டால், 17,800 டாலர் சேரும். நீங்கள் இரண்டு வருடம் தாமதித்துத் தொடங்கினால் சுமார் 13,000 டாலர்தான் சேரும். மகளும் மிச்சிகன் பல்கலைக்கழகம் இருக்கும் ஆன் ஆர்பரில்தான் படிப்பேன் என்கிறாளாமே. மாநிலத்தில் குடியிருப்பவர்களுக்கான கட்டணமும் வெளியாருக்கான கட்டணமும் அங்கே மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். அந்த அனுகூலம் உங்கள் கையில் ஏற்கெனவே இருக்கிறது.

கடைசியாக, உங்கள் மனைவி. மகள் பிறந்த பிறகு இரண்டாவது இருக்கையில் அவர் உட்கார்ந்ததே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். முதலில் நண்பர்கள், பிறகு மகள். இந்த சீசனில் நல்ல விலை போகும் ஓர் ஆட்டத்தின் இரண்டு டிக்கெட்டையும் விற்றுவிடுங்கள். பரம எதிரியான ஒஹாயோ ஸ்டேட்டுடனான ஆட்டம் இந்த வருடம் அவர்கள் ஊரான கொலம்பஸில் நடப்பதால், மிச்சிகன் ஸ்டேட் ஆட்டத்துக்குக் கிராக்கி இருக்கும். வாங்கிய விலைக்கு மேல் கிடைக்கும் லாபத்தை வரியில் காட்ட மறக்காதீர்கள். கிடைத்த பணத்தில் பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ் போட்டிக்கு மூன்று டிக்கெட் எடுங்கள். 2021-இல் தேசியப் பட்டம் வென்ற அணி. கிரைஸ்லர் சென்டரில் கூரைக்குக் கீழே, குளிரில்லாமல், ஃபுட்பால் டிக்கெட்டில் சிறு பங்குக்குப் பார்க்கலாம். ஏப்ரலில் சாஃப்ட்பாலும் இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் ரசிகர் என்றால் அந்தப் பிள்ளைகளும் உங்கள் அணிதான். செப்டம்பரில் ஒரு சனிக்கிழமையாவது, மகளை நண்பர் வீட்டில் விட்டுவிட்டு, மனைவியை அந்தப் பெஞ்சுக்கு அழைத்துப் போய் முன்வரிசை முதியவருக்கு அறிமுகப்படுத்துங்கள். கார்டு நிலுவை எவ்வளவு குறைந்தது என்று ஜனவரியில் எனக்கு எழுதுங்கள்.