பட்ஜி யாரை நோக்கிப் பேசுகிறது?

கேள்வி: நான்கு மாதங்களாக, பட்ஜி என்னும் சிறு கிளி வகையில் ஓர் ஆணைத் தனியாக வளர்த்து வருகிறேன். சில வேளைகளில் அரைமணி நேரம் விடாமல் முணுமுணுக்கிறது. நான் அறையை விட்டு வெளியேறினால் ஒரே குரலை உரக்க, மீண்டும் மீண்டும் எழுப்புகிறது. இரவில் அலகை நறநறவென்று தேய்க்கிறது. இவற்றுக்கு என்ன பொருள்?

பதில்: மூன்றும் வெவ்வேறு செய்திகள். நீங்கள் வெளியேறியதும் எழும் உரத்த குரலைத்தான் முதலில் புரிந்துகொள்ள வேண்டும். பட்ஜிகள் ஆஸ்திரேலியாவின் வறண்ட உட்பகுதிகளில் நீரையும் புல்விதைகளையும் தேடிக் கூட்டம் கூட்டமாக அலையும் பறவைகள். அங்கே கூட்டத்தை விட்டுப் பிரிந்த பறவை பருந்துக்கு இரையாகிவிடும் என்பதால், ‘நான் இங்கிருக்கிறேன், நீ எங்கே?’ என்று கேட்கும் ஒரு குறுகிய அழைப்புக் குரல் அவற்றின் வாழ்க்கைக்கே ஆதாரமாக இருக்கிறது. சேர்ந்து வாழும் பட்ஜிகள் சில வாரங்களில் தங்கள் அழைப்புக் குரல்களை ஒன்றுபோல் மாற்றிக்கொள்கின்றன. இணை சேரும்போது ஆண் தன் பெட்டையின் அழைப்பைக் கற்றுக்கொண்டு அதையே திருப்பிச் சொல்கிறது. உங்கள் பறவைக்குக் கூட்டம் என்பது நீங்கள் ஒருவர்தான். ஆகவே அது கத்தும்போது அதட்டாதீர்கள். கூண்டைத் துணியால் மூடவும் வேண்டாம். அடுத்த அறையிலிருந்தே ஒரு சிறு சீழ்க்கையால் பதில் கொடுங்கள். எப்போதும் அதே சீழ்க்கையாக இருக்கட்டும்.

முணுமுணுப்பு என்று நீங்கள் எழுதியிருப்பதுதான் பட்ஜியின் பாட்டு. பெரும்பாலும் ஆண்களே இப்படி நீளமாகப் பாடும். நம்மைப்போல் மூச்சுக்குழாயின் மேல்முனையில் உள்ள குரல்வளையிலிருந்து அல்லாமல், அதன் அடியில் உள்ள ஒலியுறுப்பிலிருந்து பறவைகளின் குரல் பிறக்கிறது. ஆணின் இப்பாட்டைக் கேட்பதே பெட்டையின் சூலகம் வளர்ந்து முட்டையிடுவதற்கு ஒரு தூண்டுதலாகிறது என்று 1960களில் நடந்த ஆய்வுகள் காட்டின. ஆனால் தனியாக இருக்கும் ஆணும் பாடாமல் இருப்பதில்லை. என்னிடம் இருந்த ஓர் ஆண், நண்பகலில் கம்பின் ஓரத்திற்குச் சென்று, அங்கே தொங்கும் மணியை அலகால் இருமுறை தட்டிவிட்டுத் தொடங்கும். தலையிறகுகள் சிலிர்த்து நிற்கும். கண்பாவை சுருங்கிச் சுருங்கி விரியும். அந்த நீண்ட முணுமுணுப்பின் நடுவே, நான் காலையில் கூண்டுக் கதவைத் திறக்கும்போது எழும் கிறீச்சொலி அப்படியே வந்துபோகும். கேட்டதையெல்லாம் பாட்டில் கோத்துக்கொள்ளும் இந்த இயல்பு பட்ஜிகளுக்கு வாழ்நாள் முழுவதும் உண்டு. உங்கள் பறவையின் பாட்டிலும் உங்கள் வீட்டின் ஓசைகள் இருக்கும். அருகில் அமர்ந்து கேட்டுப் பாருங்கள்.

அலகைத் தேய்ப்பது உறக்கம் வரும் நேரத்து நிம்மதி. ஒரு காலை மடக்கிக்கொண்டு இறகுகளைச் சற்றே தளர்த்தியிருந்தால் ஐயமே வேண்டாம். ஆனால் இறகுகளை உடலோடு ஒட்டவைத்து, அலகைத் திறந்தபடி ‘சட்சட்சட்’ என்று வேகமாகக் கத்தினால், அது விலகிப்போகச் சொல்லும் எச்சரிக்கை. அப்போது கையை உள்ளே விடக்கூடாது.

கேள்வி: என் பெண் பட்ஜி பேசக் கற்றுக்கொள்ளுமா?

பதில்: கற்றுக்கொள்ளும் பெட்டைகளும் உண்டு, ஆனால் அவை அரிது. மனிதச் சொற்களைச் சொல்வதில் ஆண்களே முன்னிற்கின்றன. 1,728 சொற்கள் அறிந்ததாகக் கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்ற, 1994இல் இறந்த பக் என்ற பட்ஜியும் ஆண்தான். பேசவில்லை என்பதற்காகப் பெட்டையைக் குறைவாக எண்ணாதீர்கள்.

கேள்வி: சில நாட்களாக என் பட்ஜி சும்மா அமர்ந்திருக்கும்போதும் ஒவ்வொரு மூச்சுக்கும் ‘கீச்’ என்று மெல்லிய ஒலி கேட்கிறது. இதுவும் பாட்டின் வகையா?

பதில்: இல்லை. தயவுசெய்து தாமதிக்காதீர்கள். பாட்டு மூச்சின் தாளத்தோடு கட்டுண்டு வராது. ஒவ்வொரு மூச்சிலும் ஒலி வந்தால் மூச்சுவழியில் தடை இருக்கிறது என்று பொருள். விதைகளை மட்டுமே தின்று வளரும் பட்ஜிகளுக்கு அயோடின் குறைந்து, தைராய்டு சுரப்பி வீங்கி, மூச்சுக்குழாயையும் ஒலியுறுப்பையும் அழுத்துவது இதற்கு நன்கறியப்பட்ட காரணம். நோய்த்தொற்றும் காரணமாகலாம். மூச்சோடு சேர்ந்து வாலும் மேலும் கீழும் ஆடினால் அன்றைக்கே பறவைகளைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். நீங்களாகவே தண்ணீரில் மருந்து எதையும் கலக்காதீர்கள். புதிய இடத்தில் பட்ஜி தன் நோயை மறைத்துச் சுறுசுறுப்பாகக் காட்டிக்கொள்ளும் என்பதால், வீட்டில் அமைதியாக இருக்கும்போதே அந்த ஒலியையும் வாலின் அசைவையும் கைப்பேசியில் பதிவுசெய்து எடுத்துச் செல்லுங்கள்.