கடலூரிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: புதுச்சேரியில் ஒரு நடிகர் வருகிற வைன் விருந்துக்கு அழைத்திருக்கிறார்கள், அங்கே குடிக்காமல் உட்காருவது எப்படி?

ஊற்ற வருபவரிடம், பாட்டில் சாய்வதற்கு முன்பே, "எனக்கு வேண்டாம், இந்தக் கோப்பைகளை எடுத்துவிடுங்கள்" என்று சொல்லுங்கள். அது போதும்.

போன முறை மறுத்தும் ஊற்றிக்கொண்டே இருந்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். கோப்பை மேசையிலேயே நின்றிருக்கும். இத்தகைய விருந்தில் ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் ஒரு வைனைப் பொருத்தி வைத்திருப்பார்கள். காலிக் கோப்பை கண்ணில் பட்டால் பரிமாறுபவர் கை தானாக நீளும். நம் பந்தியில் வெறும் சோற்றைக் கண்டதும் சாம்பார் வாளி வந்து நிற்பதில்லையா?

இரண்டு நாள் முன்னதாக, அழைத்தவரைப் போனில் கேட்டுப் பாருங்கள்: வைனுக்குப் பதிலாக வேறு பானம் உண்டா, சைவச் சாப்பாடு உண்டா, வருகிற நடிகரைப் படம் எடுக்கலாமா. கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். விருந்தினராகப் போய்விட்டுச் செய்தியாளர்போல நடந்துகொண்டால் அடுத்த அழைப்பு வராது.

சுவை மட்டும் பார்க்க ஆசையென்றால், துப்பும் கிண்ணம் கேளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, வைன் சுவைப்பதையே தொழிலாகக் கொண்டவர்களின் வழக்கம் அது.

ஒரு எச்சரிக்கை. கிளம்பும்போது பரிசாகப் பாட்டில் கொடுத்தால், கடலூருக்குக் கொண்டுவராதீர்கள். புதுச்சேரி மதுவை எல்லை தாண்டித் தமிழகத்துக்குள் எடுத்துவருவது குற்றம். ஆல்பேட்டைச் சோதனைச் சாவடியில் "பரிசு சார்" என்றால் யாரும் கேட்கமாட்டார்கள். ஒரு மிடறு விழுங்கியிருந்தாலும் பைக்கைத் தொடாமல் பஸ் பிடியுங்கள். சட்டம் அனுமதிப்பது 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால்தான்.