சத்துணவுப் பக்கம்: வாசகர் கேள்வி, ஆசிரியர் பதில்

கேள்வி: பலாக்காய் மாவு சர்க்கரை நோயைக் குணப்படுத்தும் என்ற எங்கள் விளம்பரத்தைப் பணத்தோடு திருப்பி அனுப்பிவிட்டீர்கள். ஆய்விதழில் வந்த முடிவைத்தானே எழுதியிருந்தோம்? பண்ருட்டியின் பெயர் வெளியே தெரிவதில் உங்களுக்கு என்ன வருத்தம்?
- பலா வியாபாரி, பண்ருட்டி

பதில்: பண்ருட்டிப் பலாவைப் பற்றிப் பருவம் தவறாமல் எழுதி வரும் இதழ் இது. எங்கள் மறுப்பு பலாவின் மேல் இல்லை, 'குணப்படுத்தும்' என்ற ஒரு சொல்லின் மேல்தான்.

தாங்கள் இணைத்திருந்த ஆய்வை முழுவதும் படித்தோம். ஆந்திராவின் ஸ்ரீகாகுளத்தில் 40 நோயாளிகளை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவினர் தினமும் 30 கிராம் பலாக்காய் மாவை அரிசி அல்லது கோதுமை மாவுக்குப் பதிலாகச் சேர்த்துக்கொள்ளும்படி 12 வாரங்கள் நடத்தி, 2021-இல் வெளியிட்ட ஆய்வு அது. மாவு சாப்பிட்டவர்களின் மூன்று மாதச் சர்க்கரை அளவு மற்றக் குழுவைவிடக் குறைந்தது என்பது உண்மைதான். ஆனால் அவர்கள் மாத்திரையை விட்டுவிடவில்லை. மாத்திரையோடு சேர்த்துத்தான் மாவையும் சாப்பிட்டார்கள். அத்தகைய மாவை விற்கும் நிறுவனத்தைத் தொடங்கியவரும் கட்டுரையாசிரியர்களில் ஒருவர். அதனால் ஆய்வு பொய்யாகிவிடாது. ஆனாலும் வியாபாரத் தொடர்பு இல்லாத வேறொரு குழு, இன்னும் கூடுதலான நோயாளிகளிடம் அதே முடிவைக் காணும் வரை, 'ஒரு சிறிய ஆய்வில் பயன் தெரிந்தது' என்பதற்கு மேல் ஒரு சொல்லும் நாங்கள் எழுதமாட்டோம். தங்கள் விளம்பரத்தை நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்திவிட்டால், அந்தப் பொறுப்பில் அச்சிட்ட எங்களுக்கும் பங்கு உண்டு.

சட்டமும் இடம் தரவில்லை. உணவுப் பொருள் நோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதை, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு விதிமுறைகள் தடுக்கின்றன. உணவில்லை, மருந்து என்று மாற்றிச் சொன்னாலும் தப்ப முடியாது. குணமாகும் என்று விளம்பரப்படுத்தக் கூடாத நோய்களாக 1954-ஆம் ஆண்டுச் சட்டம் பட்டியலிட்டிருப்பவற்றில் நீரிழிவும் ஒன்று. பொருளின் பெயர், எடை, விலை, கிடைக்குமிடம் ஆகியவற்றை மட்டும் எழுதி அனுப்புங்கள், அடுத்த இதழிலேயே வெளியிடுகிறோம். இதழில் யார் விளம்பரம் தருகிறார்கள் என்பதைக் கட்டுரை எழுதுபவர்களுக்கு முன்கூட்டிச் சொல்வதில்லை என்ற வழக்கத்தையும் இங்கே குறிப்பிட்டுவிடுகிறேன். (மாவு எனக்கும் பிடிக்கும். அடையில் கலந்தால் தெரிவதே இல்லை.)

கேள்வி: கைக்குழந்தைகளுக்கான பால்மாவு விளம்பரத்தையும் நீங்கள் வாங்குவதில்லையாமே?
- வாசகி, லாஸ்பேட்டை

பதில்: வாங்குவதில்லை, 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி பால்மாவுக்கும் பால் புட்டிக்கும் நாட்டில் எவரும் விளம்பரம் செய்யக் கூடாது. பால்மாவு தேவைப்படும் குழந்தைகள் உண்டு. அதை மருத்துவர் சொல்லட்டும், எங்கள் பின்னட்டை சொல்ல வேண்டாம்.

கேள்வி: கரும்பை நம்பிப் பிழைக்கும் மாவட்டத்தில் இருந்துகொண்டு, சர்க்கரையைக் குறைக்கச் சொல்லி எழுதுகிறீர்கள். உங்களுக்குக் கரும்போடு சொந்தத் தொடர்பு ஏதும் உண்டா?
- விவசாயி, நெல்லிக்குப்பம்

பதில்: உண்டு. என் தாய்மாமன் மூன்று காணியில் கரும்பு பயிரிடுகிறார். சர்க்கரை பற்றிய கட்டுரை எதையும் இனி நான் திருத்துவதாக இருந்தால், இந்தத் தகவல் கட்டுரையின் அடியில் இடம்பெறும். முன்பே அப்படிச் செய்திருக்க வேண்டும். தங்கள் கடிதம் வந்த பிறகுதான் அது உறைத்தது.

இதைச் சிறிய விஷயமாக நான் எடுத்துக்கொள்ளாததற்குக் காரணம், அமெரிக்காவில் நடந்த ஒரு செயல். ஹார்வர்டு பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் மூவர் 1967-இல் புகழ்பெற்ற மருத்துவ இதழொன்றில் எழுதிய கட்டுரை, இதய நோய்க்குக் கொழுப்பையே முதன்மைக் குற்றவாளியாக்கிச் சர்க்கரையின் பங்கைக் குறைத்துக் காட்டியது. அதை எழுதச் சர்க்கரை ஆலைகளின் அமைப்பொன்று பணம் கொடுத்திருந்த விவரம், பழைய கடிதங்களை ஆராய்ந்தவர்கள் மூலம் 2016-இல்தான் வெளியானது. நிதி கொடுத்தவரைத் தெரிவிக்க வேண்டும் என்ற விதியை அந்த மருத்துவ இதழ் 1984-இல்தான் கொண்டுவந்தது. ஆகவே எழுதியவர்கள் அன்றைய விதி எதையும் மீறவில்லை என்றுகூட வாதிடலாம். ஐம்பது ஆண்டுகளுக்கு அருகில் வாசகர்கள் விவரம் தெரியாமலே இருந்ததற்கு அந்த வாதம் பதிலாகாது.

சர்க்கரையைக் குறைக்கச் சொன்ன கட்டுரையில் நாங்கள் கொடுத்த அளவு, உணவில் சேர்க்கப்படும் சர்க்கரை, வெல்லம், தேன் எல்லாவற்றிலிருந்தும் கிடைக்கும் ஆற்றல் நாளின் மொத்த ஆற்றலில் 10 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்னும் உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. இரண்டாயிரம் கலோரி உண்பவருக்கு அது சுமார் 50 கிராம். மாமனிடமும் இதையேதான் சொல்கிறேன். அவர் இரண்டு நாள் பேசுவதில்லை.

கேள்வி: முருங்கைக்கீரையில் பசலைக்கீரையைவிட 25 மடங்கு இரும்புச்சத்து உண்டு என்று சென்ற இதழில் அச்சிட்டிருந்தீர்கள். நம்பலாமா?
- கல்லூரி மாணவி, புதுச்சேரி

பதில்: நம்ப வேண்டாம். தவறு எங்களுடையது. உலர்த்திப் பொடித்த முருங்கையிலையைத் தண்ணீர் நிறைந்த பச்சைப் பசலையோடு எடைக்கு எடை ஒப்பிட்டுப் பெற்ற எண் அது. பச்சை முருங்கைக்கீரையிலேயே ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர்தான். அதை வற்றவைத்தால் எந்தக் கீரையின் சத்தும் எடைக்கணக்கில் பல மடங்கு கூடித் தெரியும். மேலும், நூறு கிராம் கீரையைப் பொரியலாகச் சாப்பிட முடியும். நூறு கிராம் பொடியை யாரும் சாப்பிடுவதில்லை, ஒரு தேக்கரண்டியோடு சரி.

கட்டுரையாளர் அந்த எண்ணை ஒரு துண்டறிக்கையிலிருந்து எடுத்தார், நாங்கள் கேட்காமல் விட்டோம். இனி உணவின் சத்தளவு எதுவாக இருந்தாலும், ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட இந்திய உணவுகளுக்கான அட்டவணையோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் அச்சுக்குப் போகாது. கட்டுரை வந்த அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் இம்முறை திருத்தம் வெளியாகியிருக்கிறது. முருங்கைக்கீரை நல்ல கீரைதான். இலைகளிலுள்ள இரும்பை உடல் குறைவாகவே ஏற்றுக்கொள்ளும் என்பதால் எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொள்வது பயன் தரும்.

கேள்வி: கருவாடு புற்றுநோய் தரும் என்று உறவினர் ஒருவர் அனுப்பிய செய்தியை நீங்கள் ஏன் வெளியிடவில்லை? பயந்துபோய் வீட்டிலிருந்த வாளைக் கருவாட்டைப் பரணில் ஏற்றிவிட்டோம்.
- இல்லத்தரசி, கடலூர் முதுநகர்

பதில்: அந்தச் செய்தியின் மூலத்தைத் தேடிப் பார்த்ததால்தான் வெளியிடவில்லை. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை, சீன முறையில் உப்பிட்ட மீனை மூக்கின் பின்புறத் தொண்டையில் வரும் புற்றுநோய்க்குக் காரணமானவற்றின் முதல் வகையில் சேர்த்திருக்கிறது. அதிலிருந்த 'சீன முறை' என்ற சொல் ஒவ்வொருவர் கைக்கும் மாறும்போது உதிர்ந்து, கடைசியில் நம் வாளையும் நெத்திலியும் மாட்டிக்கொண்டன. புகையிலையும் அதே முதல் வகையில்தான் இருக்கிறது. சான்று எவ்வளவு உறுதியானது என்பதையே அந்த வகைப்பாடு காட்டுமே தவிர, ஆபத்து எவ்வளவு பெரியது என்பதைக் காட்டாது.

நம் கருவாட்டில் எண்ணிப் பார்க்க வேண்டியது உப்பு. நாளொன்றுக்கு ஒருவருக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் கருவாட்டை எப்போதாவது என்று வைத்துக்கொள்வது நல்லது. மற்றவர்கள் பரணிலிருந்து இறக்கி, வெந்நீரில் ஊறவைத்து, இரண்டு மூன்று முறை அலசிய பிறகு குழம்பு வையுங்கள். தனியாக உப்புப் போடுமுன் ருசி பார்த்துக்கொள்ளுங்கள்.